காக்காவுக்குத் தைத்த வெள்ளி உறை

1

எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் அதிகமாக எழுதியது ஆம்பூரில் தோல் கட்டுகளின் மேல் கட்டு எண்ணும் தேதியும்தான். நம் சபையின் மாத இதழுக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுத வேண்டும் என்று ஜெயராஜ் அண்ணன் மூன்று முறை கடிதம் போட்டார். மூன்றாவது கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்தால் அகந்தை என்று நினைத்துவிடுவார் என்பதால் எழுதுகிறேன்.

மற்றவர்கள் பனியைப் பற்றியும், இங்குள்ள பெரிய ஆலயங்களைப் பற்றியும் நன்றாக எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. நாங்கள் இங்கே வந்து இந்த ஜூலையோடு ஏழு வருடம் ஆகிறது. அந்த வாரத்தில் வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. அதை மட்டும் எழுதுகிறேன். படிப்பவர்கள் என்னை முட்டாள் என்று நினைத்தால் தவறு அவர்கள்மேல் இல்லை.

2

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். என் மனைவி ரூத் வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்தவள். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. என் விசாவில் 'சார்ந்திருப்பவர்' என்று அச்சிட்டிருந்தார்கள். நான் ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஆம்பூரில் தோலைச் சூடான தட்டின் கீழே வைத்து அழுத்தினேன், இங்கே படுக்கை விரிப்பைச் சூடான உருளைக்குக் கொடுக்கிறேன். சூடு ஒன்றுதான். வாசனைதான் வேறு.

எங்களுக்கு ஒரே பெண், ஜெமிமா. வரும்போது ஒன்பது வயது, இப்போது பதினாறு. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அதுவும் அந்த ஒன்பது வயதில் ஆம்பூரில் எங்கள் தெருவில் பேசிய அதே தமிழ். அதனால் அவள் கோபப்படும்போது எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருக்கும். இதை அவளிடம் சொன்னதில்லை.

அவள் ஒரு சிறிய பறக்கும் இயந்திரம் செய்திருந்தாள். நான்கு கைகள், கைக்கு ஒரு விசிறி, நடுவில் மின்சுற்றுகள். ஜெர்மனியிலிருந்து பாகங்கள் தபாலில் வரும். நூலகத்தில் பகுதி நேர வேலை பார்த்து வாங்கிச் சேர்த்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் காக்கா. அவளிடம் மிச்சமிருந்த தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று.

காக்காவின் தலையில், ஒரு விரல் உயரக் குச்சியின்மேல், தீப்பெட்டியில் பாதியளவுக்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி இருந்தது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடமிருந்து வரும் சமிக்ஞையை அது வாங்கும். ஆறு கோள்களாவது கிடைத்தால், தான் எங்கே இருக்கிறோம் என்று காக்காவுக்குத் தெரியும். காற்று தள்ளினாலும் அதே இடத்தில் நிற்கும். ஒரு சுவிட்சைத் தட்டினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். கிடைக்காவிட்டால் காற்று போகும் பக்கம் போகும்.

ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போய்விட்டது. அவள் சேர்ந்திருந்த மாதிரி விமானக் கிளப்பின் மைதானத்திலிருந்து கிளம்பி, வேலியைத் தாண்டி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுத் திடலில் விழுந்தது. ஞாயிறு என்பதால் பிள்ளைகள் யாரும் இல்லை. ஒரு கையும் இரண்டு விசிறிகளும்தான் உடைந்தன.

கிளப் செயலாளர் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர். எங்களைக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். இந்த ஊரில் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். அடுத்த சனிக்கிழமை காலை பத்தரைக்கு காக்கா ரிமோட்டில் கை படாமல் ஐந்து நிமிடம் வானத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் இனி இந்த மைதானத்தில் அனுமதி இல்லை என்றார். ஜெமிமா ஒரு விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்கு இந்தக் கிளப்பின் கடிதம் வேண்டும். சனிக்கிழமை நின்றால் கடிதம் உண்டு. அதையும் அவரே சொன்னார்.

பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார். என் பெயர் தானியேல் ஆசீர்வாதம். என் பெண் ஜெமிமா தானியேல். என் மனைவி ரூத் ஞானமுத்து. நம் ஊரில் அப்பா பெயரைப் பின்னால் போடுவது யாருக்கும் புதிதல்ல. இங்கே ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். செயலாளர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் வளர்ப்புத் தந்தையா என்று மரியாதையாகக் கேட்டார். நான் சொந்த அப்பா என்று விளக்குவதற்குள் வேர்த்துவிட்டது. ஜெமிமா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

3

இந்த இடத்தில் ஆம்பூருக்குப் போக வேண்டியிருக்கிறது.

எண்பத்தெட்டிலிருந்து இரண்டாயிரத்து இரண்டு வரை ஒரே தொழிற்சாலையில் இருந்தேன். தொண்ணூறுகளில் பெண்களின் செருப்புக்கு வெள்ளி நிறத் தோலும் தங்க நிறத் தோலும் நிறைய கேட்டார்கள். அதற்கென்று தனிப் பகுதி போட்டு, என்னையும் பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் பஷீரையும் அங்கே மாற்றினார்கள்.

வேலை சுலபம், கவனம்தான் வேண்டும். சாயமேற்றி உலர்த்திய ஆட்டுத் தோலின்மேல் பசை மாதிரி ஒரு பூச்சைத் தடவிக் காய வைப்போம். அதன்மேல் வெள்ளி போலப் பளபளக்கும் மெல்லிய சுருள் தாளை விரித்து, சூடான தட்டின் கீழே தள்ளி அழுத்துவோம். வெளியே எடுத்துத் தாளை உரித்தால் வெள்ளி தோலில் ஒட்டியிருக்கும். கையில் மிஞ்சும் தாள் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருக்கும். என் வலது முழங்கைக்குக் கீழே அந்தத் தட்டு சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

நிற அட்டையில் கறுப்பு, காக்கி, மெரூன் வரிசையில் அதுவும் ஒரு கட்டம். 'சில்வர் கலர்' என்றுதான் மேற்பார்வையாளர் சொல்வார். நானும் அதைக் கலர் என்றே நினைத்தேன். ரப்பர் முத்திரையிலிருந்து மை தாளுக்கு இறங்குவது போல அது இறங்குகிறது என்று நினைத்தேன். கேட்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

எங்கள் தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு ஆராதனைக்காக எனக்கு மட்டும் பதினொரு மணி வரை அனுமதி உண்டு. அந்த நேரத்தில் என் தட்டையும் சேர்த்து பஷீர்தான் பார்த்துக்கொள்வான். "ஏசுகிட்ட எனக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டு வாடா. இங்க ஜாஸ்தி வேல" என்பான்.

கடைசி நாளன்று ஒரு முழு வெள்ளித் தோலை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு கீறல், ஒரு உண்ணிக்கடி இல்லாத தோல். உள்பக்கத்தில் எல்லோரும் பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏழு வருடமாக அது என் பெட்டியின் அடியில் சுருட்டிய வாக்கில் இருந்தது.

4

ஜூன் மாதம் ஒருநாள் மழையில் நனைந்து காக்கா விழுந்தது. ஜி.பி.எஸ். கருவியில் தண்ணீர் போய்விட்டது என்று ஜெமிமா அதை அரிசி டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள். நான் அரிசி எடுக்கப் போனபோது பார்த்தேன்.

"இதுக்கு ஒரு தொப்பி தச்சுத் தரட்டுமா கண்ணு? தோலுல? தண்ணி எறங்காது."

வேண்டாம் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். இதற்கு முன் அவளுக்கு ஒரு பென்சில் பை தைத்துக் கொடுத்திருந்தேன். அது மேசை இழுப்பறையைவிட்டு வெளியே போனதில்லை. ஆனால் அன்றைக்கு "ஓகே" என்றாள். அளவையும் அவளே எழுதிக் கொடுத்தாள்.

பெட்டியைத் திறந்து வெள்ளித் தோலை எடுத்தேன். வெளுப்பாக இருந்தால் வெயில் சூடும் தங்காது என்று ஒரு கணக்கு. நாலு பக்கமும் மேல்புறமும் மூடும்படி வெட்டி, மெழுகு நூலால் தைத்தேன். பஷீரின் கையெழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். குச்சியோடு கட்ட ஒரு நூல் விட்டேன். அதைப் பார்த்ததும் ஜெமிமா சிரித்தாள். காக்காவுக்கு நரைத்துவிட்டது என்றாள்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். இதில் உலோகம் ஏதாவது இருக்கிறதா?

"இல்ல கண்ணு. தோலு, மேல கலரு. அவ்ளோதான்."

"நிச்சயமா?"

"பதினாலு வருஷம் தோலுல வேல செஞ்சிருக்கேன்மா."

அவளிடம் ஒரு நீல நிறக் குறிப்பேடு உண்டு. காக்காவில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதில் எழுதுவாள். அன்றைக்கு என் கண் முன்னால் எழுதினாள். 'உறை: தோல். உலோகம் இல்லை. அப்பா சொன்னது.'

அந்த வரியைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த நாட்டில் நான் சொன்னதை ஆதாரமாக வைத்து யாரும் எதையும் எழுதியதில்லை.

அதே வாரம் அவள் இன்னும் மூன்று மாற்றங்கள் செய்தாள். புதிதாக ஒரு கேமரா, அது எடுக்கும் படத்தைத் தரைக்கு அனுப்பும் ஒரு சிறு பெட்டி, மோட்டார்களுக்குப் புது வயர்கள். அதற்குப் பிறகு பறந்த முதல் நாள்தான் காக்கா பள்ளிக்கூடத்தில் விழுந்தது.

5

திங்கட்கிழமை உடைந்த கையையும் விசிறிகளையும் மாற்றிவிட்டு, மாலையில் ஜெமிமா காரணங்களைப் பட்டியல் போட்டாள். ஒன்பது வந்தது. 'உறை' என்பதையும் எழுதினாள். எழுதிவிட்டு, பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, அதன்மேல் கோடு போட்டாள். எட்டு ஆனது.

செவ்வாய்க்கிழமை வீடுகளும் மரங்களும் இல்லாத இடம் வேண்டும் என்றாள். ஆற்றோரப் புல்வெளிக்குப் போனோம். கருவி பல நாள் அணைந்திருந்தால் கோள்களைத் தேட நேரம் எடுக்குமாம். இருபது நிமிடம் காத்திருந்தோம். கையிலிருந்த சிறு திரையில் மூன்று என்று வந்தது. முன்பெல்லாம் எட்டு, ஒன்பது வரும். ஒரு கோடு போட்டாள்.

புதன்கிழமை கேமராவையும் படம் அனுப்பும் பெட்டியையும் கழற்றினாள். அந்தப் பெட்டியின் அலை ஜி.பி.எஸ்ஸைக் குழப்பும் என்று படித்திருந்தாள். நான்கு வந்தது. இருவரும் திரையையே பார்த்தோம். மறுபடி மூன்று. பிறகு மோட்டார் வயர்களை முறுக்கிக் கட்டினாள், குச்சியை இன்னொரு விரல் உயர்த்தினாள். மூன்று. இன்னும் மூன்று கோடுகள்.

அவள் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. சாப்பாட்டுத் தட்டை அறைக்கு எடுத்துப் போனாள். ரூத் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? வேலை முடிந்து வந்ததும் அவளோடு போய் நிற்பேன், குடை பிடிப்பேன், பையைத் தூக்குவேன். அதற்கு அவள் வேண்டாம் என்று சொல்லாததே பெரிது.

வியாழக்கிழமை மீட்டரை வைத்து மின்சாரம் சரியாகப் போகிறதா என்று பார்த்தாள். சரியாகத்தான் போனது. கருவிக்குள் நினைவுக்காக இருக்கும் குட்டி பேட்டரியும் சரி. இணைப்பு ஊசிகளும் சரி. மிச்சம் ஒன்றுதான் இருந்தது. கருவியே செத்துவிட்டது. புதிது ஜெர்மனியிலிருந்து வரப் பத்து நாள் ஆகும்.

"நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்குள்ள செயலாளருக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடணும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, புல்லில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டைப் பிரித்தாள்.

ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "அவ்ளோ மேலேருந்து வர்றது, நடுவுல எத வெச்சா நிக்கும்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, எத்தனையோ மாதங்களுக்குப் பின், எனக்கு ஒரு விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தாள். பையில் கைப்பேசி அளவுக்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி இருந்தது, கிளப்பில் இரவல் வாங்கியது. அதைப் புல்லில் வைத்தாள். ஒன்பது கோள்கள். கையால் மூடினாள். ஆறு. துணியைப் போட்டாள். ஒன்பது. காலியான வறுவல் பாக்கெட்டுக்குள் நுழைத்தாள். ஒன்பது எட்டாகி, ஐந்தாகி, இரண்டாகி, திரை வெறுமையானது.

"அது பிளாஸ்டிக்தானே?" என்றேன்.

"உள்பக்கம் பாருங்கப்பா. அலுமினியம். புகை மாதிரி மெல்லிசா படிய வெச்சிருப்பாங்க. அவ்ளோ மெல்லிசு போதும்."

பாக்கெட்டைக் கிழித்து உள்பக்கத்தைக் காட்டினாள். நான் பார்த்தேன். பளபளப்பு, மடித்த இடத்தில் விழும் வெள்ளைக் கோடு, விரல் பட்டால் தங்கும் மங்கல். பல வருடம் நான் விரித்து, அழுத்தி, உரித்த தாள் அது. வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

பக்கத்தில் காக்கா நின்றது. அதன் தலையில் என் உறை வெயிலில் மின்னியது.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். காரிலும் பேசினாள். நாலு நாளும் வீணாகக் கழற்றி மாட்டியது என்னால்தான் என்று சொன்னால் அந்தப் பேச்சு நின்றுவிடும். ஒருவேளை அதுவும் இதுவும் வேறாக இருக்கலாம், நம்முடையது வெறும் கலராக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

6

வெள்ளிக்கிழமை எனக்கு மதியத்துக்குமேல் ஷிப்ட் இல்லாத நாள், காலையிலும் விடுப்பு சொன்னேன். ஏழரை மணிக்கு, அதாவது அங்கே நண்பகல், தொலைபேசி அட்டையில் பஷீரைக் கூப்பிட்டேன். பதினொரு நிமிடம் பேசலாம் என்று ஒரு பெண் குரல் சொன்னது.

"யாரு, டானியா? இன்னாடா, வெள்ளிக்கிழம பாத்து போன் போட்ற? குளிச்சிட்டு ஜும்மாக்குக் கெளம்பினு இருக்கேன்."

"ரெண்டே நிமிசம் பஷீர். நம்ம சில்வர் போட்றோமே, அந்தத் தாளுல இன்னா இருக்கு?"

"சில்வர் இருக்கு. இன்னாடா, ஏழு வருஷம் கழிச்சு இன்டர்வியூ வெக்கிறியா?"

"வெளையாடாத. அது கலரா, மெட்டலா?"

"அட, அது அலுமினியம்டா! உனக்குத் தெரியாதா? எனக்கே நீதானடா தட்டு ஓட்டக் கத்துக் குட்த்த!"

அவன் தொடர்ந்தான்.

"எனக்கும் மொதல்ல தெரியாது. நீ போனப்புறம் மொபைல் பவுச்சுக்கு ஒரு ஆர்டர் வந்துச்சு. சாம்பிள் தச்சதும் மேனேஜர் அழகா இருக்குன்னு தன் போன உள்ள போட்டுனு வூட்டுக்குப் போய்ட்டாரு. மொதலாளி போன் மேல போன் போட்றாரு, தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே வருது. காலைல செம டோஸ். மேனேஜர் பேஜாராயி தாள் விக்கிற ஆள வரவெச்சிக் கேட்டா, 'சார், அதுல நெஜ அலுமினியம் சார், டவர் எடுக்காது'ன்றான். ஆர்டரே போச்சு. இப்பகூட யாராவது போன் எடுக்கலைன்னா, சில்வர் பவுச்சுல இருக்கியான்னுதான் கேப்போம்." அவனே சிரித்தான். பிறகு கேட்டான். "ஏன் கேக்கற? அங்க எதுனா தோல் டேனரில சேந்துட்டியா?"

"இல்ல. பாப்பா ஒரு பறக்குற மிஷின் செஞ்சிருக்கா. அதுக்கு டவர் மாதிரி ஒண்ணு எடுக்கணும். நீங்க குட்த்த தோலுல அதுக்கு ஒரு தொப்பி தச்சேன்."

சிரிப்பு நின்றது. "எடுக்கலையா?"

"நாலு நாளா தேடினு இருக்கா. மெட்டல் இருக்கான்னு என்னத்தான் கேட்டா. இல்லைன்னு சொல்ட்டேன்."

"இப்ப சொல்லிட்டியா?"

"இல்ல."

"தோஸ்து, அது பொண்ணு. திட்டினா வாங்கிக்க. நான் தொழுவப் போறேன், உனக்கும் ஒரு வார்த்த சொல்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ரூத் நின்றிருந்தாள். இரவு ஷிப்ட் முடித்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க பேசினதக் கேட்டேன்" என்றாள்.

ஜெமிமா நூலகத்துக்குக் கிளம்பும் வரை நான் அடுப்பறையிலேயே இருந்தேன். அவள் போனதும் அவள் அறைக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்தேன். காக்கா மேசையில் இருந்தது. உறையின் நூலை அறுத்துவிட்டு, ஈரமாக இருந்தது என்று கழற்றிக் காய வைத்ததாக ஏதோ ஒரு காரணம் சொன்னால் போதும். அவள் ஒருமுறை சும்மா போட்டுப் பார்ப்பாள், கோள்கள் வரும், கருவி தானாகப் பிழைத்துக்கொண்டது என்று நினைத்துக்கொள்வாள். நான் எதையும் சொல்ல வேண்டாம்.

ரூத் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அறுத்தா வேல செய்யும், இல்லைங்கல. எதனால சரியாச்சுன்னு தெரியாமலே நாளைக்கு அத்தன பேர் நடுவுல பறக்கவிடுவா. அவ நோட்டுல நீங்க சொன்னது அப்டியே இருக்கும். அடுத்தது செய்யும்போதும் அதப் பாத்துத்தான் செய்வா."

"ரொம்பக் கோவப்படுவாடி."

"படட்டும்ங்க. வார்டுல தப்பு மருந்து குடுத்துட்டா நாங்க மொதல்ல எழுதறது அதத்தான். நமக்கு நல்லாருக்காது. ஆனா அடுத்த ஷிப்ட்காரிக்குத் தெரியணும்."

அவள் தூங்கப் போய்விட்டாள். நான் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு ஜெமிமாவின் நாற்காலியில் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

7

அவள் வந்ததும் கத்தரிக்கோலைத்தான் முதலில் பார்த்தாள்.

"என்னப்பா பண்றீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அந்த உறைல மெட்டல் இருக்கும்மா" என்றேன். "வறுவல் பாக்கெட்டுல இருக்கே, அதான். நான் கலருன்னு நெனச்சினு இருந்தேன். பஷீர் மாமாவக் கேட்டேன். நேத்தே எனக்கு சந்தேகம். நேத்தே சொல்லல."

அவள் மீட்டரை எடுத்தாள். உலோகத்தில் பட்டால் கத்தும் அதன் இரண்டு முனைகளையும் உறையின் மேல் வைத்தாள். ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது.

"மேல வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும்" என்று நானே சொன்னேன். "குத்திப் பாரு."

குத்தினாள். மீட்டர் கத்தியது. இடத்தை மாற்றிக் குத்தினாள். அங்கேயும் கத்தியது.

காக்காவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். பேட்டரியை மாட்டிச் சில நிமிடம் காத்திருந்தாள். மூன்று. நூலை அவிழ்த்து உறையைக் கழற்றினாள். மூன்று. நான்கு. பிறகு வெகு நேரம் நான்கிலேயே நின்றது. துணி காயும் கயிற்றை நான் ஏன் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. ஐந்து. ஏழு. எட்டு.

உறையை மறுபடி மாட்டினாள். எட்டு மூன்றானது. கழற்றினாள். எட்டு. மூன்று முறை அப்படிச் செய்தாள். மூன்றாவது முறை உறையைப் புல்லில் எறிந்தாள்.

"இன்னாப்பா நீ!" என்றாள்.

தமிழ்தான். அடுத்து வந்ததும் தமிழ்தான்.

"நாலு நாளு! நாலு நாளா எல்லாத்தையும் பிச்சிப் பிச்சி மாட்னு இருக்கேன், கூடவே குடை புடிச்சினு நிக்கிற! அன்னிக்கே தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்றதுக்கு இன்னா? சும்மா பதினாலு வருஷம், பதினாலு வருஷம்னு!"

"ஆமாம்மா."

"நேத்துகூட வாயத் தொறக்கல!"

"ஆமாம்மா."

"ஆமா ஆமான்னாத பா!"

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். என்றைக்கும் அவளுடைய ஆம்பூர்த் தமிழைக் கேட்டால் ஒரு மூலையில் சந்தோஷம் வரும் என்று எழுதினேன். அன்றைக்கு வரவில்லை.

அவள் குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். அந்தப் பழைய வரியைக் கண்டுபிடித்து, 'உலோகம் இல்லை. அப்பா சொன்னது' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது. பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினாள். பிறகு தொலைபேசி இருக்கும் பக்கம் பார்த்தாள். மணி நாலு. செயலாளருக்குச் சொல்ல ஆறு வரை நேரம் இருந்தது.

"நாளைக்குத் தூறல்னு போட்டிருக்கான்" என்றாள், ஆங்கிலத்துக்குத் திரும்பி. "தொப்பி இல்லாம விட முடியாது. பிளாஸ்டிக் பை போட்டா விசிறிக் காத்துல பறந்து போய்டும்."

நான் புல்லில் கிடந்த உறையை எடுத்தேன். "இந்த வெள்ளிய எடுத்துட முடியும்."

"எப்படி?"

"தப்பாப் போட்ட தோலுல பூச்சக் கரைச்சு எடுப்போம். அசிட்டோன் வேணும்."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். அது நியாயம்தான். பிறகு மாடிக்குப் போய் நகப்பூச்சு அழிக்கும் பாட்டிலையும் பஞ்சையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

அடுப்பறை ஜன்னலைத் திறந்துவைத்துத் தேய்த்தேன். முதலில் பூச்சு பிசுபிசுத்தது, பிறகு வெள்ளி சுருண்டு சுருண்டு பஞ்சில் வந்தது. ஒரு பஞ்சு, இரண்டு, பத்து. ஆம்பூரில் அந்தத் தோலை அழுத்தியவர்கள் அதை நன்றாகத்தான் அழுத்தியிருந்தார்கள். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் தோல் மிஞ்சியது. மருந்து ஊறி உள்பக்கம் பஷீரின் கையெழுத்து பாதி கலைந்துவிட்டது.

ஜெமிமா மீட்டரோடு காத்திருந்தாள். ஒரு இடம் விடாமல் குத்திப் பார்த்தாள். தையல் மடிப்பில் ஒரே ஒரு இடத்தில் மீட்டர் கத்தியது. உறையை என் பக்கம் தள்ளினாள். மடிப்பை விரித்து மறுபடி தேய்த்தேன். மறுபடி குத்தினாள். இந்த முறை கத்தவில்லை. நனையாமல் இருக்க மேலே மெழுகு தேய்த்துக் கொடுத்தேன்.

மணி ஐந்தே முக்கால். அவள் செயலாளருக்குப் போன் செய்யவில்லை.

மறுநாள் சனிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். ரூத்தான் அவளை அழைத்துக்கொண்டு போனாள். தூறல் இருந்ததாம். மாலையில் வீட்டுக்கு வந்தபோது குறிப்பேடு சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. 'உறை: தோல். உலோகம் இல்லை. மீட்டரில் பார்த்தது. ஒன்பது கோள்கள். ஐந்து நிமிடம் நின்றது' என்று எழுதியிருந்தாள். கடிதம் திங்கட்கிழமை தபாலில் வரும் என்று செயலாளர் சொன்னதாக ரூத் சொன்னாள். ஜெமிமா தூங்கிக்கொண்டிருந்தாள்.